இழை: ‘இண்டிகா’வை என்னவென்று சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

க. எழுதியது, செவ்வாய் இரவு:

குழுமத்தாருக்கு வணக்கம். எங்கள் பள்ளி வளாகத்தில் 43 மரம், செடி, கொடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறோம், கூடவே எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடும் உண்டு. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். இன்று வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். மா, மாஞ்சிஃபெரா இண்டிகா. வேம்பு, அசாடிராக்டா இண்டிகா. புளி, டாமரிண்டஸ் இண்டிகா. முதல் சொல் பேரினப் பெயர், இரண்டாவது சிற்றினப் பெயர் என்றுதான் நாங்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். “அப்போ மூணுக்கும் சிற்றினப் பெயர் இண்டிகாதானே மிஸ், மூணும் ஒரே சிற்றினமா?” என்று கேட்டான். இல்லையடா, சிற்றினத்தின் பெயர் என்றால் இரண்டு சொல்லும் சேர்ந்ததுதான், இண்டிகா மட்டும் தனியாக எதற்கும் பெயரில்லை என்றேன். “அப்போ இண்டிகாவுக்கு என்ன பெயர்?” என்றான். அந்த இரண்டாவது சொல்லுக்கு மட்டும் தமிழில் ஒரு சொல் வேண்டும், கையேட்டில் பதினோரு இடத்தில் வருகிறது.

ந. எழுதியது, செவ்வாய் நள்ளிரவு:

அடைமொழி. முடிந்தது. தூங்கப் போங்கள்.

இ. எழுதியது, புதன் காலை:

தம்பி ந. அவசரப்படுகிறார். அடைமொழி என்றால் மக்களுக்கு ‘கலைமாமணி’, ‘புரட்சி’ என்று நினைவுக்கு வரும், மரத்துக்குப் பட்டம் கொடுத்தது போலாகிவிடும். நம்மிடம் இதற்கென்றே சொல் இருக்கிறது. தொல்காப்பியம், கிளவியாக்கம்:

“இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை
வழக்கா றல்ல செய்யு ளாறே.”

செந்தாமரை என்றால் வெண்டாமரையும் இருக்கிறது, அதனால் ‘செம்மை’ இன்ன தாமரை என்று பிரித்துக் காட்டுகிறது, அது இனச்சுட்டு உள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு ஒன்று கிடையாது, அது வெறும் அழகு, செய்யுளில் மட்டும் செல்லும். இந்த இருசொல் பெயர் முறையை நிலைநாட்டிய சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசு 1753-இல் செய்ததும் இதுதானே? அதற்கு முன் தக்காளியைச் சொல்ல, முள்ளில்லாத மென்தண்டும் சிறகு போல் பிளந்த வெட்டு இலையும் உடையது என்று இலத்தீனில் ஒரு வரியே எழுத வேண்டியிருந்தது. அந்த வரியைத் தள்ளிவிட்டு, இனம் பிரித்துச் சுட்ட ஒரே ஒரு சொல்லை வைத்தார். எனவே இனச்சுட்டு.

ம. எழுதியது, புதன் காலை:

ஐயா, எங்களுக்கு அது நல்லாப் பொருந்தும். இலங்கைப் பாடப்புத்தகத்தில ‘இனம்’ எண்டாலே நீங்கள் சிற்றினம் எண்டு சொல்லுறதுதான். நீங்கள் பேரினம் எண்டு சொல்லுறதை நாங்கள் சாதி எண்டுதான் படிச்சனாங்கள். சாதி, இனம், இனச்சுட்டு. என்ர வாக்கு ஐயாவுக்கு.

க. எழுதியது, புதன் காலை:

எங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் “இந்த மரத்தின் சாதி” என்று எழுதினால் அன்று மாலையே நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போக வேண்டியதுதான். பேரினமே இருக்கட்டும்.

ஜோ. எழுதியது, புதன் மதியம்:

குருமடத்தில் மூன்றாண்டு இலத்தீன் படித்துவிட்டு வெளியே வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இரண்டாவது சொல் எப்போதும் அடையல்ல, மூன்று விதமாக வரும். ஒன்று பெயரடை, முதற்சொல்லின் பாலுக்கு ஏற்ப மாறும். நெல் ஒரைசா சட்டைவா, வெள்ளரி குக்குமிஸ் சட்டைவஸ், பூண்டு அல்லியம் சட்டைவம் (பெண், ஆண், அலி, பயிரிட்டது என்ற பொருள் மூன்றுக்கும் ஒன்றே). ஆலும் அரசும் ஃபைகஸ், பார்க்க ஆண்பால் விகுதி, ஆனால் இலத்தீனில் மரங்கள் பெரும்பாலும் பெண்பால், அதனால் ஃபைகஸ் ரிலிஜியோசா. இரண்டாவது விதம் ஆறாம் வேற்றுமை. கறிவேப்பிலையின் முரையா கோனிகி என்பதற்குக் ‘கோனிகினுடைய முரையா’ என்று பொருள். 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த லின்னேயசின் மாணவர் அவர். மூன்றாவது விதத்தில் இன்னொரு பெயர்ச்சொல்லே வந்து ஒட்டிக்கொள்ளும். வெங்காயம் அல்லியம் சேபா, சேபா என்றாலே வெங்காயம்தான். நம் இருபெயரொட்டு போல, சாரைப்பாம்பு, வரிசை மட்டும் தலைகீழ், பாம்புச்சாரை. ஆகவே ‘அடை’ என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட முடியாது.

அப்புறம் ஒன்று. சட்டைவா என்பது இலத்தீன் உச்சரிப்பே அல்ல, ஆங்கிலேயர் வாயிலிருந்து வந்தது. சதீவா என்பதே சரி.

க. எழுதியது, புதன் மதியம்:

சட்டைவா என்றதும் முதல் பெஞ்சில் “சட்டை வா, பேன்ட் போ” என்று ஆரம்பித்துவிடுவார்கள். பதினாறு வருடமாக இதே நகைச்சுவை. ஆனால் தேர்வில் சதீவா என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும் ஐயா.

வே. எழுதியது, புதன் மாலை:

மாஞ்சிஃபெரா என்று எழுதுவதே தவறு. ஆய்தத்தைப் பகரத்துக்கு முன்னால் வைப்பது இலக்கணமா? மாங்கிபெரா என்று எழுதுங்கள். மாங்காய் என்ற நம் சொல் மலையாளக் கரையில் போர்த்துக்கீசியர் வாய்க்குப் போய், அங்கிருந்து இலத்தீனுக்குள் நுழைந்து, ‘தாங்குவது’ என்ற விகுதியைச் சேர்த்துக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு வெளியூர் எழுத்து? முருங்கையிலிருந்து மொரிங்கா, புங்கத்திலிருந்து பொங்கேமியா. ஒரைசாவும் அரிசிதான், கால்டுவெல்லே சொல்லியிருக்கிறார், ஜிஞ்சிபெர் இஞ்சிவேர்...

ஜோ. எழுதியது, புதன் மாலை:

வே. ஐயாவோடு இருபது வருடத்தில் முதன்முறையாக ஒத்துப்போகிறேன், காரணம்தான் வேறு. பழைய இலத்தீனில் அந்த இடத்தில் ககர ஒலிதான், மாங்கி என்பதே சரி. தூய தமிழும் தூய இலத்தீனும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒரைசாவை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கு அரிசியைக் குறிக்கும் சமஸ்கிருத விரீகி, பழைய ஈரானியம் என்று வேறு வழி காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வே. எழுதியது, புதன் இரவு:

விரீகியே, நெல்லைக் குறிக்கும் நம் ‘வரி’யிலிருந்து வந்தது என்பதற்கு மூன்று சான்று தருகிறேன்.

(அந்த மூன்று சான்றுகளும் அவற்றுக்கு வந்த பதினேழு மறுமொழிகளும் தனி இழைக்கு மாற்றப்பட்டன. க. அம்மாவுக்கு நாளை மறுநாள் அச்சு. – மட்டுறுத்துநர்)

ந. எழுதியது, வியாழன் காலை:

இ. ஐயாவுக்கு ஒரு கேள்வி. புளியின் பேரினத்தில் புளி ஒன்றே ஒன்றுதான், வேறு டாமரிண்டஸ் கிடையாது. அப்படியானால் அங்கே இண்டிகா எந்த இனத்தைச் சுட்டுகிறது? அது உங்கள் செஞ்ஞாயிறு அல்லவா? இனச்சுட்டு என்ற பெயரே புளியமரத்தடியில் விழுந்துவிடுகிறதே. இதில் டாமரிண்டஸ் என்பதே அரபியில் ‘இந்தியப் பேரீச்சை’, அதன் மேல் இண்டிகா வேறு. இரண்டு தடவை இந்திய என்று சொல்லியாயிற்று, மரமோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது.

இன்னொன்று, தொல்காப்பியத்து ‘இனம்’ மறுதலையைக் குறிக்கும், உயிரியல் சிற்றினத்தை அல்ல. மூன்றாவது, சுட்டு என்றதும் பிள்ளைகள் அ, இ, உ என்று ஒப்பிப்பார்கள்.

இ. எழுதியது, வியாழன் மதியம்:

புளி நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சொல்லின் குறையல்ல, இலத்தீன் முறையின் குறை. இனமே இல்லாத இடத்திலும் ஏதாவது ஒன்றை ஒட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு. தொல்காப்பியர் அதை வழக்கு அல்ல என்று அன்றே தள்ளிவிட்டார். அவர்கள் செய்யுள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோ. எழுதியது, வியாழன் மதியம்:

2011 முடிய, புதுத் தாவரத்தை அறிவிக்க வேண்டுமென்றால் இலத்தீனில் விளக்கம் எழுதியாக வேண்டும் என்றே விதி இருந்தது, இப்போது ஆங்கிலமும் போதும். பெயர் மட்டும் இன்னும் இலத்தீன் உடுப்பில்தான் வர வேண்டும். லின்னேயசு என்ற பெயரே அப்படித்தான். அவர் அப்பா நில்சு பல்கலைக்கழகம் போனபோது, குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தின் பெயருக்கு இலத்தீன் விகுதி போட்டுக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் இதையே நேர்மாறாகச் செய்து சூசையப்பரை வளன் ஆக்கினார். எங்கள் பங்கில் இன்றும் வளன் என்று நாலு பேர் இருக்கிறார்கள்.

அடையைப் பற்றி மறு யோசனை. மரப்பெட்டியில் மரம் என்ற பெயர்ச்சொல்லே அடையாக நிற்கிறது. அதனால் சேபாவையும் கோனிகியையும் ‘அடை’க்குள் அடக்கலாம், தமிழ் தாங்கும். ‘சிற்றின அடை’ என்றால் என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன்.

க. எழுதியது, வியாழன் இரவு:

மிக்க நன்றி. எண்ணிப் பார்த்தேன், சிற்றின அடைக்கு ஐந்து பேர், இனச்சுட்டுக்கு இ. ஐயாவும் ம. அக்காவும், வே. ஐயா இன்னும் அரிசியில் இருக்கிறார். பையனிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். சிற்றின அடை என்றதும் “தோசை மாதிரியா மிஸ்?” என்றான், ஆனால் பள்ளி விடும்போதும் நினைவு வைத்திருந்தான். இனச்சுட்டை மறந்துவிட்டான். அதனால் அடை. பின் அட்டைக்கு முசுமுசுக்கையை எடுத்துக்கொண்டேன், குக்குமிஸ் மதராஸ்பட்டனஸ். தன் ஊர்ப்பக்கக் கொடியின் இலத்தீன் பெயருக்குள் மதராசப்பட்டினம் உட்கார்ந்திருக்கிறது என்றதும் வகுப்பே எழுந்து வந்து கொடியைப் பார்த்தது.

இ. எழுதியது, வெள்ளி காலை:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சிற்றினத்துக்கு அடையா, சிற்றினமாக்கும் அடையா என்று உங்கள் தொகைச்சொல் சொல்லவே இல்லை.

க. எழுதியது, அடுத்த திங்கள்:

கையேடு வந்துவிட்டது. பலகையில்தான் சின்னக் குளறுபடி. பெயின்டர் அண்ணன் புளிக்கு ‘டாமரிண்டஸ்’ என்று பெரிதாக எழுதிவிட்டார், தகரத்தில் அப்புறம் இடமில்லை, இண்டிகா விடுபட்டுப்போனது. அழித்து எழுதச் சொல்ல வேண்டும்.

இ. எழுதியது, அடுத்த திங்கள்:

அம்மா, புளியை அழிக்காதீர்கள். அந்தப் பெயின்டருக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்கிறது. மற்ற 42 பலகைக்கும்தான் என் மறுப்பு.