கட்டுவிரியனா, ஓநாய்ப் பாம்பா?

கேள்வி: கருப்பு உடம்பு, வெள்ளை வளையம், ஒன்றரை அடி நீளம். குளியலறைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. எது என்று எப்படிச் சொல்வது?

பதில் 1: வளையம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்திலேயே பளிச்சென்று தொடங்கி, வால் பக்கம் போகப்போக மங்கிவிடும். கொடிய விஷமுள்ள கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறும் கருப்பு; பிறகு மெல்லிய கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால்வரை தெளிவாக. சுவர் ஏறுவது ஓநாய்ப் பாம்பின் வழக்கம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பதில் 2: வளையமே இல்லாத கட்டுவிரியனும் உண்டு. உறுதியான அடையாளம் முதுகின் நடுவரிசைச் செதில்: பக்கத்துச் செதில்களைவிடப் பெரிது, அறுகோணம். கிட்டே போகாமல் போனில் ஜூம் செய்து படம் எடுங்கள். 'தலை முக்கோணமாக இருந்தால்தான் விஷம்' என்பது இங்கே உதவாது, கட்டுவிரியனுக்குத் தலை கழுத்தோடு ஒட்டினாற்போல்தான் இருக்கும்.

பதில் 3: கடித்துவிட்டால் அடையாளம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது. தூக்கத்தில் கடித்தால் தெரியவே தெரியாது. இமை தொங்கல், வயிற்றுவலி, விழுங்க முடியாமை பிறகு வரும். இறுக்கிக் கட்டாமல், கீறாமல், 108-ஐ அழையுங்கள். நம்மூர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் பொது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.