அயாக்கா அவிழ்த்தால் மாவு இலையோடு வருகிறது, உள்ளே தண்ணீர். உதவி தேவை

மரகாய்போ_மருமகள்:
வெனிசுவேலாவின் கிறிஸ்துமஸ் அயாக்கா, அதாவது சோளமாவுக்குள் கறிக்கலவை வைத்து வாழை இலையில் கட்டி வேகவைக்கும் பலகாரம், செய்து பழக்கமுள்ளவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? வீட்டுக்காரர் மரகாய்போக்காரர். நாங்கள் ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். 24ஆம் தேதி இரவு அவருடைய சித்தி குடும்பம் சாப்பிட வருகிறது, ஒத்திகையாகக் கொஞ்சம் செய்து பார்த்தேன். ருசி சரி. ஆனால் அவிழ்த்தால் மாவு இலையோடு உரிந்து வருகிறது, நடுவில் கூழாக இருக்கிறது. சிலவற்றில் தண்ணீரும் புகுந்துவிட்டது.

மாவு 1 கிலோ, கோழி வெந்த தண்ணீர், ஒனோத்தோ என்ற சிவப்பு நிற விதை போட்டுக் காய்ச்சிய பன்றிக்கொழுப்பு. உள்ளே மாடு, பன்றி, கோழி மூன்றும் சேர்ந்த கீசோ என்ற கறிக்குழம்பு. அதன்மேல் ஆலிவ், கேப்பர் (ஊறவைத்த மொட்டு), உலர்திராட்சை, வெங்காய வளையம், குடைமிளகாய்க் கீற்று. வாழை இலை ஃப்ரீசரில் இருந்தது. கொதிநீரில் 1 மணி நேரம் வேகவைத்தேன். மாமியாரிடம் அளவு கேட்டால் எல்லாம் கண்ணளவு என்கிறார்!

சோளக்கொல்லை:
எந்த மாவு? மெக்சிகோக்காரர்கள் தமால் என்ற இதேபோன்ற பொதிப் பலகாரத்துக்கு எடுப்பது சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோள மாவு. அது இதற்கு ஆகாது, வாசனையே மாறிவிடும். வெறும் தண்ணீரில் வேகவைத்து உலர்த்தி அரைத்த மாவு, அதாவது அரேப்பா என்ற சோள ரொட்டிக்கு எடுப்பதுதான் வேண்டும்.

மரகாய்போ_மருமகள்:
அதேதான். ஹரீனா பான் என்ற பிராண்டின் வெள்ளை மாவு.

காரகாஸ்_பழசு:
வேலை நிமித்தம் காரகாஸில் இருந்தவன். பக்கத்து வீட்டு அம்மாக்கள் டிசம்பரில் என்னை நூல் கட்ட உட்கார வைத்துவிடுவார்கள். மாவில் தப்பு இருக்காது அம்மா. கீசோவைச் சூடாகவே வைத்தீர்களா?

மரகாய்போ_மருமகள்:
வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்சம் நீர்க்கவும் இருந்தது.

காரகாஸ்_பழசு:
சரி, அதுதான் கூழ். கீசோவை முதல்நாளே செய்து, கடைசியில் அதே சோளமாவைக் கொஞ்சம் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குங்கள். ராத்திரி முழுக்க குளிர்பெட்டியில் இருந்தால் பன்றி, கோழிச் சாறு உறைந்து கரண்டியில் கட்டியாக வரும். அப்படி வைத்தால் சாறு வழிந்து மாவில் ஊறாது. சூடாக வைத்தால் மாவில் இருக்கும் கொழுப்பும் இளகிவிடும். அந்தீஸ் மலைப்பக்கம் பச்சைக் கறியையே கொண்டைக்கடலையோடு வைத்துக் கட்டுவார்கள். ஆனால் அதற்கு வேகும் நேரமும் கூட, கைப்பழக்கமும் வேண்டும். முதல் வருஷம் அதற்குப் போகாதீர்கள்.

அப்புறம் இலை. ஃப்ரீசர் இலை நரம்போடு கிழியும். முழுக்க இளகவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, நடுத்தண்டை நறுக்கிவிட்டு, அடுப்புத் தணலில் காட்டுங்கள். மங்கலான பச்சை சட்டென்று பளபளவென மாறும், அப்போது எடுத்துவிட வேண்டும். இன்னும் காட்டினால் மொறுமொறுத்து உடையும். உள்பக்கம் ஒனோத்தோக் கொழுப்பைத் தாராளமாகத் தடவி, மாவு உருண்டையைத் தட்டையாக அழுத்துங்கள். ஓரங்களைவிட நடுவில் மெல்லியதாக இருக்கக்கூடாது. மாவு சப்பாத்தி மாவைவிட மிருதுவாக, விரலில் ஒட்டாமல் இருந்தால் சரி.

மடிக்கும்போது இரண்டு நீள ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து மடித்து இறக்கி, இரு முனைகளையும் கீழே மடக்குங்கள். இரண்டாவது இலையைக் குறுக்காகச் சுற்றுங்கள், மேலே ஒரு இலைப் பட்டை. அதன்பிறகு பருத்தி நூல், நீளவாக்கிலும் குறுக்கிலும் கட்டம் கட்டமாக. ஒரே இலையில் சுற்றினீர்களா?

மரகாய்போ_மருமகள்:
ஆமாம், ஒன்றுதான். இலை போதவில்லை. வெந்ததும் பசங்க பொறுக்காமல் உடனே அவிழ்த்தார்கள்.

காரகாஸ்_பழசு:
மாவு இலையோடு உரிந்ததற்கு, உடனே அவிழ்த்தது ஒன்றே போதும். வெந்ததை எடுத்து, தண்ணீர் வடிய ஒரு தட்டில் சாய்த்து அடுக்குங்கள். நன்றாக ஆறி மாவு இறுகட்டும். மறுநாள் கொதிநீரில் போட்டுச் சூடாக்கி அவிழ்த்தால் இலை தனியே வரும். வெனிசுவேலாவிலும் ஒரே நாளில் ஏராளமாகக் கட்டி வைத்துக்கொண்டு, சாப்பிடும்போது சூடாக்குவதுதான் வழக்கம்.

பச்சை_இலை:
இடையில் புகுந்து கேட்கிறேன், சைவமாகச் செய்யலாமா?

சோளக்கொல்லை:
தாராளமாக. காளான், கொண்டைக்கடலை, கேப்பர், ஆலிவ் போட்டுச் செய்பவர்கள் உண்டு. கொழுப்புக்குப் பதில் எண்ணெயில் ஒனோத்தோவைக் காய்ச்சிக்கொள்ளுங்கள், விதை கருகினால் கசக்கும். என்னைக் கேட்டால் காரமில்லாத ஆஹி துல்சே மிளகாய் கிடைக்காத ஊரில் இந்த வாசனை பாதிதான்.

மரகாய்போ_மருமகள்:
கீசோவைக் குளிரவைத்து, இரண்டு இலை சுற்றி மறுபடி செய்தேன். இப்போது இலை சுத்தமாக உரிகிறது, நடுவும் வெந்திருக்கிறது. ஆனால் ஓரிரண்டில் மூலையில் இன்னும் தண்ணீர்.

காரகாஸ்_பழசு:
முனை மடிப்பு நூலுக்கு வெளியே நிற்கும். கட்டும்போது முதல் சுற்றை முனைகளின் மேலேயே போடுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள், ஆனால் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், ஒன்றோடொன்று மோதி நூல் தளரும். தண்ணீரில் உப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

மரகாய்போ_மருமகள்:
முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் வைத்தால்?

காரகாஸ்_பழசு:
வைக்கலாம். இளகவிடாமல் நேரே கொதிநீரில் போடுங்கள், உள்ளே சூடேற அரைமணிக்கு மேல் ஆகும். மிச்ச மாவையும் கீசோவையும் ஒன்றாகப் பிசைந்து சின்னதாகக் கட்டினால் அதுதான் போயோ, வீணாக்காதீர்கள். அப்புறம் உலர்திராட்சை பிடிக்காதவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கானதில் வேறு மாதிரி முடிச்சுப் போட்டு வையுங்கள்.

மரகாய்போ_மருமகள்:
எங்கள் வீட்டில் அது இவர்தான்!