விஆர்ல தங்க ஸ்தூபி ராத்திரில மட்டும் கருப்பா தெரியுது, ஏன்?

யாங்கூன்வாசி:
வணக்கம். இங்க யாங்கூன்ல இருக்கற ஷ்வேடகோன் புத்தக் கோயில் மேடைய விஆர்ல செஞ்சுகிட்டிருக்கேன், யூனிட்டிங்கற கேம் சாஃப்ட்வேர்ல, க்வெஸ்ட் 2 ஹெட்செட்ல ஓடணும். சென்னைல இருக்கற பெரியம்மாவுக்கு முட்டி வலி, இனிமே இங்க வரமுடியாது, அவங்களுக்காகத்தான். பகல் வெளிச்சத்துல பிரச்சனையில்ல. ராத்திரிக்கு மாத்தி ஃப்ளட்லைட் வச்சு லைட்மேப் பேக் பண்ணினா (வெளிச்சத்த முன்னாடியே கணக்குப் போட்டு படமா சேமிக்கறது) பளிங்குத் தரை, மண்டபம் எல்லாம் அருமையா வருது, நடுவுல ஸ்தூபி மட்டும் கரி பூசின மாதிரி நிக்குது. லைட்ட ஏத்தினா தரைதான் வெளுக்குது. இங்க கரண்ட் இருக்கறப்பதான் பேக் பண்ணமுடியும், சும்மா சும்மா முயற்சி பண்ணிப் பாக்க வழியில்ல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மோல்மீன்காரன்:
ஸ்தூபி மெட்டீரியல்ல மெட்டாலிக் 1, அதாவது முழு உலோகம்னு வச்சிருக்கீங்களா தம்பி? அப்ப லைட்மேப் அதுல ஏறாது. லைட்மேப்ல இருக்கறது டிஃப்யூஸ் வெளிச்சம், அதாவது பரப்புல பட்டு எல்லாப் பக்கமும் சிதறுறது, உலோகத்துக்கு டிஃப்யூஸே கிடையாது, சுத்தி என்ன இருக்கோ அதத்தான் திருப்பிக் காட்டும். பகல்ல வானத்த காட்டிச்சு, ராத்திரி வானம் கருப்பு, தங்கமும் கருப்பு, அவ்ளோதான். ரிஃப்ளெக்‌ஷன் ப்ரோப் (சுத்தி இருக்கறத படம் பிடிச்சு பிரதிபலிப்புக்குக் குடுக்கறது) போட்டு எச்டிஆர்ல, அதாவது அதிக பிரகாசத்தையும் வெட்டாம வச்சுக்கற படமா, பேக் பண்ணுங்க, லைட்மேப் முடிஞ்ச பிறகு, அப்பதான் வெளிச்சம் விழுந்த தரையும் அதுக்குள்ள வரும். முக்கியமா, யூனிட்டி லைட்டுக்கு உருவம் கிடையாது, ப்ரோப்புக்கு அது தெரியவே தெரியாது. ஃப்ளட்லைட் இருக்கற இடத்துல எல்லாம் எமிஷன் போட்ட, அதாவது தானே ஒளிர்ற, சின்ன ப்ளேன் (தட்டையான பலகை) வச்சு, நகராத பொருள்னு சொல்ற ஸ்டாட்டிக்க டிக் பண்ணி, பேக் ஆனதும் அத மறைச்சிடுங்க. தங்கத்தோட கலர் லீனியர் அளவுல சிவப்பு, பச்சை, நீலம் 1.0, 0.77, 0.34 கிட்ட.

பிக்சல்பையன்:
இவ்ளோ எதுக்கு ப்ரோ, பளபளப்ப டெக்ஸ்சர்லயே (மேல ஒட்டற படத்துல) வரைஞ்சிடுங்க. மொபைல் கேமுக்கு நான் அப்படித்தான் பண்றேன்

தட்டோன்பொண்ணு:
போன்ல ஓகே, ஹெட்செட்ல வேணாம். நிஜ பளபளப்பு ரெண்டு கண்ணுக்கும் ஒரே இடத்துல தெரியாது, தலைய அசைச்சா அதுவும் நகரும், வரைஞ்சது அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆனா உச்சிக் குடை கிட்டத்தட்ட 99 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க வேணும்னா வரைஞ்சுக்கலாம், யாருக்குத் தெரியப்போகுது. அடில சுத்தி இருக்கற 64 சின்ன ஸ்தூபிலதான் ஏமாத்த முடியாது.

யாங்கூன்வாசி:
அண்ணே, வந்துடுச்சு!! எமிஷன் ப்ளேன்தான் விஷயம். இப்ப தலைய ஆட்டினா ஸ்தூபியோட தங்கத் தகடு விளிம்பெல்லாம் மினுக்கு மினுக்குனு அடிக்குது, ஓரத்த மழுமழுப்பாக்கற எம்எஸ்ஏஏ 4எக்ஸ் போட்டும் போகல.

தட்டோன்பொண்ணு:
எம்எஸ்ஏஏ உருவத்தோட ஓரத்தத்தான் சரி பண்ணும், பரப்புக்குள்ள வர்ற ஸ்பெகுலர் (பளபளப்பு) மினுக்கல தொடாது. தூரம் போகப்போக மேடு பள்ளம் காட்டற நார்மல் மேப்ப குறைச்சு ரஃப்னெஸ்ஸ (சொரசொரப்ப) கொஞ்சம் ஏத்துங்க. எண்ணெய் விளக்கு வரிசைக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் கணக்குப் போடற ரியல்டைம் லைட் போட்டுடாதீங்க, 72 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட்தான் கைல இருக்கு. சுடர ஷேடர்ல (பரப்ப வரையற சின்ன நிரல்ல) ஆட வச்சா போதும்.