சரளைப் பந்தய மிதிவண்டியும் சரளைப் பயண மிதிவண்டியும்: ஒரு பெயர் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தார்ச்சாலையிலும் கல்லும் மண்ணும் கலந்த பாதையிலும் ஓட்டுவதற்கென்று கிராவல் பைக் என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் மிதிவண்டிக்கும், பந்தயத்துக்கு ஒன்று, சுமையோடு செல்லும் பயணத்துக்கு ஒன்று என்ற அதன் இரு பிரிவுகளுக்கும் பெயர் காணும் இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். கடலூர் நண்பர் முன்மொழிந்த ‘பந்தய வண்டி’, ‘நெடுந்தூர வண்டி’ என்ற இணையை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அந்தப் பெயர்களை நம்பி ஒருவர் கடைக்குப் போனால் தமக்குப் பொருந்தாத வண்டியோடு திரும்ப வாய்ப்புண்டு என்பதே காரணம்.

முதலில் பொதுப்பெயரைப் பார்த்துவிடுவோம். ‘கிராவல்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். நம் பக்கத்தில் கிராவல் என்றால் குவாரியில் வெட்டி, பள்ளம் தூர்க்கவும் சாலைக்கு அடியில் கொட்டவும் லாரியில் ஏற்றிப் போகும் செம்மண்தான். அந்தப் பொருள் செய்தித்தாள் வரை ஊன்றிவிட்டது. ‘ஜல்லி’ என்பது உடைத்த கல். திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிப் பாதைகளில் ஓட்டியவர்களுக்கு அதன் கூர்விளிம்பு டயரின் பக்கவாட்டை என்ன செய்யும் என்று தெரியும். ‘பரல்’ பாலைத்திணைப் பாடல்களில் வழிப்போக்கரின் காலை உறுத்தும் அருமையான சொல். ஆனால் இன்று அதைக் கேட்பவருக்குச் சிலம்பின் உள்ளிருக்கும் மணியே முதலில் நினைவுக்கு வரும். ஆரோவில்லைச் சுற்றியும் கடலூரின் கேப்பர் மலையிலும் செம்மண்ணோடு கலந்து கிடக்கும் சிறு கற்களை எல்லாரும் ‘சரளை’ என்றே சொல்கிறோம். அதையே எடுத்துக்கொள்வது சரி.

ஆனால் ‘சரளை வண்டி’ என்று சுருக்கக் கூடாது. மணல் வண்டி மணலைச் சுமப்பது, தண்ணீர் வண்டி தண்ணீரைச் சுமப்பது. அந்த வரிசையில் சரளை வண்டி என்பது சரளையை ஏற்றிவரும் லாரியாகவே காதில் விழும். ‘சரளை மிதிவண்டி’ என்றால் அந்தக் குழப்பம் எழாது. மலை மிதிவண்டி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதற்குப் பக்கத்தில் இதுவும் இயல்பாக நிற்கும். பேச்சில் ‘சரளைச் சைக்கிள்’ என்பவரைத் திருத்த வேண்டிய தேவையும் இல்லை.

இனிப் பிரிவுகள். ‘நெடுந்தூரம்’ என்பதைப் பிரிக்கும் குறியாகக் கொள்வதில்தான் எனக்கு முழு மறுப்பு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006 முதல் நடக்கும் சரளைப் பந்தயம், இன்று அன்பவுண்ட் என்று பெயர் பெற்றது, அதன் முதன்மைப் பிரிவில் 200 மைல், அதாவது ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளமுடையது. அதை விரைந்து முடிப்பவர்கள் ஓட்டுவது முழுக்க முழுக்கப் பந்தய வண்டி. மறுபுறம் நம் ஊர்க்காரர்கள் பலர் கலந்துகொள்ளும், குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரத்தை மிதிவண்டியில் கடக்கும் பிரெவே ஓட்டங்களில் முதல் இடம், இரண்டாம் இடம் என்ற பேச்சே கிடையாது; 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடித்தால் போதும். ஆகவே பந்தயமும் நெடுந்தூரமும் எதிரெதிர்ச் சொற்கள் அல்ல. தூரத்தை அளவுகோலாக வைத்துப் பெயரிட்டால் 320 கிலோமீட்டர் பந்தயக்காரர் எந்தப் பெட்டியில் அடங்குவார்?

வண்டிகள் உண்மையில் பிரிவது ஓட்டுநர் உட்காரும் விதத்திலும் சுமை ஏறும் இடத்திலும்தான். பந்தயத்துக்கு வடித்த சட்டகத்தில் ஹேண்டில்பார் தாழ்ந்தும் முன்தள்ளியும் இருக்கும். முதுகு குனியும், காற்று எதிர்ப்புக் குறையும். ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாயின் கோணம் பெரும்பாலும் 71 முதல் 72 பாகை வரை செங்குத்தாக நிற்பதால் முன்சக்கரம் கையின் சிறு அசைவுக்கும் திரும்பிக் கொடுக்கும். தண்ணீர்ப் போத்தலுக்கும் சிறிய சுமைப்பைக்கும் மேல் எதையும் மாட்ட இடம் இராது. பயணத்துக்கு வடித்ததில் அதே கோணம் 69, 70 பாகை அளவுக்குச் சாய்கிறது. முன்சக்கரம் சற்றுத் தள்ளிப் போவதால் இரு சக்கரங்களுக்கிடையே தூரம் கூடி, சுமை ஏறிய பிறகும் வண்டி அலையாமல் நேராக ஓடுகிறது. கடைக்காரர்கள் போர்க் என்று சொல்லும் முன்கவையின் இரு புறமும், சட்டகத்தின் அடியிலும் மேலும், பை மாட்டுவதற்கான திருகுத் துளைகள் இருக்கும். ஒரே நிறுவனம் இரண்டையும் தனித்தனியே செய்வதைக் கேன்யனிடம் காணலாம்: பந்தய வகையில் 2023இல் புதுப்பித்த கிரெய்ல் 42 மில்லிமீட்டர் டயர் வரைக்கும், பயண வகையில் 2021இல் வந்த கிரிசல் 50 மில்லிமீட்டர் வரைக்கும் இடம் கொடுத்தன.

எனவே என் முன்மொழிவு: சரளைப் பந்தய மிதிவண்டி, சரளைப் பயண மிதிவண்டி. பந்தயம் என்றால் நம் ஊரில் ரேக்ளாவானாலும் ஓட்டமானாலும் ஒரே மூச்சில் ஓடி முடிப்பது. பயணம் என்றால் மூட்டை முடிச்சோடு புறப்படுவது, வழியில் தங்குவது. சுமையைத் தனியாகச் சொல்லாமலே அந்தச் சொல் உணர்த்திவிடுகிறது. கனடாவின் பான்ஃபில் தொடங்கி அமெரிக்காவின் தென் எல்லை வரை ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர் ஓடும் டூர் டிவைட் ஒரு போட்டிதானே என்று கேட்கலாம். போட்டிதான், ஆனால் உறங்கும் பையைக்கூடத் தாமே சுமந்து செல்லும் அதற்கு ஏற்றது பயண வகைதான். பெயர் வண்டியின் அமைப்பைக் குறிக்கட்டும். எந்த நிகழ்வில் ஓடுகிறது என்பதை அல்ல. ‘சரளை’ முன்னால் நின்றால் அகராதியில் இரண்டும் அடுத்தடுத்து வரும் என்ற வசதியும் இருக்கிறது.

துணைச்சொற்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டயருக்கும் சட்டகத்துக்கும் இடையே விடும் வெளிக்கு ‘டயர் அனுமதி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே யாரும் யாருக்கும் அனுமதி தருவதில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதையில் சென்றால், நனைந்த மண் டயரில் அப்பிக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று தடித்து, முன்கவையின் உச்சியில் சரளையோடு சேர்ந்து அடைத்து, சிறிது தூரத்தில் சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். குச்சியால் குத்தி எடுத்தால்தான் மேலே நகரலாம். டயரைச் சுற்றி இருக்க வேண்டியது புழங்குவதற்கான இடம். அறையில் புழங்க இடமில்லை என்று வீட்டில் சொல்வதைப் போல ‘டயர் புழங்கிடம்’ என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது. 45 மில்லிமீட்டர் வரை ஏற்கும் சட்டகத்தில் 45 மில்லிமீட்டர் டயரையே போட்டால் மழைக்காலத்துக்குப் புழங்கிடம் போதாது என்று ஒரு கடைக்காரர் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய சொல்லாக அது இருக்கும்.

ஹேண்டில்பாரின் உயரத்தைக் குறிக்கும் அளவுக்கு ‘நிமிர்வு’ என்பதையும், கை எவ்வளவு முன்னே நீள வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவுக்கு ‘எட்டும் தூரம்’ என்பதையும் ஆதரிக்கிறேன். டியூப்லெஸ், டிஸ்க் பிரேக், செயின், பெடல் ஆகியவை அப்படியே இருக்கட்டும்.

பெயரோடு தேர்வும் சேர்ந்தே வருகிறது என்பதால் இதையும் எழுதுகிறேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கும் பிரெவேக்குச் சரளை மிதிவண்டி வாங்க நினைப்பவர், பெரும்பகுதி தார்ச்சாலை என்பதால், 35 அல்லது 38 மில்லிமீட்டர் டயரோடு எந்த வகையிலும் ஓட்டிவிடலாம். ஆனால் இரவு முழுவதும் ஓட்ட வேண்டிய 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களில் கழுத்தும் உள்ளங்கையும் நிமிர்வைத்தான் கேட்கும். எடைக் குறைவைக் கேட்காது. அவருக்கு என் பரிந்துரை பயண வகை. ஊசுட்டேரிக் கரையிலும் பாகூர் ஏரிக்கரையிலும் காலையில் வேகமாக ஓட்டிவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்புபவருக்கும், போட்டிகளில் இறங்க விரும்புபவருக்கும் பந்தய வகை மகிழ்ச்சி தரும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவர் முன்கவையில் திருகுத் துளை உள்ளதை வாங்குவதே நல்லது. தேவையில்லாவிட்டால் பையை மாட்டாமல் விட்டுவிடலாம்; இல்லாத துளையைக் கார்பன் முன்கவையில் பின்னால் போட முடியாது.

ஒரு சொல் இன்னும் மீதமிருக்கிறது. லாரி ஓடிய மண்பாதையில் குறுக்குவாட்டில் வரிவரியாக எழும்பி, மணிக்கட்டை உலுக்கும் சிறு மேடுகளுக்கு ‘அலைவரி’ என்று எழுதிப் பார்த்தேன். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து முந்திரித் தோப்புப் பாதைகளில் வண்டி ஓட்டுபவர்கள் வாயில் இதற்கு வேறு சொல் இருந்தால் அதையே ஏற்கலாம். அந்தப் பகுதி நண்பர்கள் டிராக்டர் ஓட்டுநர்களிடமும் லாரி ஓட்டுநர்களிடமும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து