கொட்டகையில் நிற்கும் பழைய ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி: நேரில் பார்த்தவை

பின்கதவு_64

ஒஹாயோவில் ஒரு மக்காச்சோளப் பண்ணை, மரக் கொட்டகை. உள்ளே 1964 காடிலாக், சுப்பீரியர் நிறுவனம் கட்டிய பாடி, இரண்டு வேலை பார்க்கும் காம்பினேஷன் வகை. சாவு விழுந்தால் அமரர் ஊர்தி. விபத்து என்று போன் வந்தால் கூரையில் சுழல்விளக்கை மாட்டி ஆம்புலன்ஸ். இந்த வகை ஏன் இருந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். 1966-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமி அறிக்கை வெளியிட்டபோது நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை 12,000 ஈமச்சடங்கு நிலையத்தார்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

உறுத்திக்கொண்டே இருப்பது அந்தத் தரை. பின்கதவைத் திறந்தால் சமதளம், மேலே தூசி. ஒரு சிறு தகட்டை நெம்பிக் கவிழ்த்ததும் மறுபக்கத்தில் சவப்பெட்டி உருட்டும் ரப்பர் உருளை, கடையிலிருந்து வந்த மாதிரி. அடுத்த தகடு, அதற்கடுத்தது, எல்லாமே அப்படி. கடைசி இரண்டு இடம் மட்டும் வெறும் ஓட்டை. முந்தின வாரம் கொட்டகையைச் சுத்தம் செய்தவர்கள் "பலகைக் குப்பை" என்று எரித்ததில் அவை போயிருக்கின்றன. பக்கக் கண்ணாடியை மறைக்கும் லாண்டோ பலகை இரண்டும் அதோடு சேர்ந்தே போயின.

காடிலாக் கொடுத்தது எஞ்சின், சேசிஸ், முன்பக்கத் தகரம் அவ்வளவுதான். பின்னால் இருப்பதெல்லாம் ஒஹாயோவின் லைமா ஊரில் சுப்பீரியர் பாடி கட்டியபோது செய்தது, எந்தக் காடிலாக் பாகப் பட்டியலிலும் கிடையாது. அதனால் வண்டிக்குள் கிடக்கும் வைக்கோலைக்கூடச் சல்லடையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கொட்ட வேண்டும். சவப்பெட்டி நகராமல் தடுக்கும் முளைகள் விரல் நீளம்தான் இருக்கும். ஒன்று குறைந்தாலும் ஜோடிக்கு அலைய வேண்டும்.

ஆரஞ்சுச்சிலுவை

மேலே சொன்னது சரி. ஆனால் பார்த்தவுடன் "சுப்பீரியர்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம் சார். சேசிஸ் எண் காடிலாக்கைத்தான் சொல்லும். பாடி கட்டியவர் யார் என்பதற்குத் தனித் தகடு உண்டு. அது போயிருந்தால் பின்கதவுக் கீல், உள்விளக்கு, ஜன்னல் சட்டத்தின் வளைவு இவற்றைப் படம் எடுத்து ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

நான் பார்த்தது 1959 காடிலாக், மில்லர்-மீட்டியர் கட்டிய பாடி, முழு ஆம்புலன்ஸ். கதவில் பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய ஆம்புலன்ஸ் சின்னமான ஆரஞ்சுச் சிலுவை தெரிந்தது. வாங்கியவர் அதைச் சுரண்டிவிட்டு நீல ஆறுமுனை நட்சத்திரம் ஒட்டப்போவதாகச் சொன்னார். அந்த நட்சத்திரம் வந்ததே, ஆரஞ்சுச் சிலுவை தங்கள் சின்னம் போல இருக்கிறது என்று 1973-ல் செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபித்த பிறகுதான். 59 வண்டிக்கு அது பொருந்தவே பொருந்தாது. மங்கிய சிலுவையின் மேல் காகிதம் வைத்துப் பிரதி எடுங்கள், அளவு குறியுங்கள், அப்புறம் பட்டி பார்க்கலாம்.

இன்னொன்று, ஜாக்கி. 1957 முதல் 1964 வரை காடிலாக் சேசிஸ் நடுவில் இடுப்பு சிறுத்த எக்ஸ் வடிவம். கதவுக்குக் கீழே தாங்கு சட்டம் கிடையாது. 59 செடானின் சக்கர இடைவெளி 130 அங்குலம், இந்த வண்டிக்கு 156. விளிம்பில் ஜாக்கி வைத்தால் வெறும் தகரம்தான் நசுங்கும், கதவு இடுக்கும் மாறிவிடும். முன்னால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை, பின்னால் அச்சுக் குழாய், இந்த இரண்டு இடம்தான்.

ஹென்னி_8

இல்லினாய் மாநிலத்தில் பால்பண்ணைக் கொட்டகை, 1953 ஹென்னி-பேக்கர்ட் (பேக்கர்ட் சேசிஸ், ஹென்னி கட்டிய பாடி). டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கிளம்பிய புகைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. துணி சுற்றிய பழைய வயர், நாலே விநாடி. யாரோ பிக்கப் லாரியிலிருந்து 12 வோல்ட் கேபிளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். பேக்கர்ட் 1955-ல்தான் 12 வோல்ட்டுக்கு வந்தது, ஹென்னி அதற்குள் அமரர் ஊர்தி கட்டுவதையே நிறுத்திவிட்டது. ஆகவே ஹென்னி-பேக்கர்ட் என்றால் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும்). காடிலாக்கில் 1953 முதல் 12 வோல்ட்.

கிராங்க்_கை

ஹென்னி அண்ணா, வோல்ட் சரியாக இருந்தாலும் அன்றைக்கே பேட்டரி மாட்டியது தப்பு. கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எலி. வாய்மூடி, கையுறை, கதவுகளை அரைமணி திறந்து வையுங்கள். புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, வேக்குவமும் கூடாது, தூசியில் ஹாண்டா வைரஸ் கிளம்பும். 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீர். நன்றாக நனைத்து 5 நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் அள்ளுங்கள்.

அடுத்து, பிடித்துப்போன எஞ்சின். ஸ்பார்க் பிளக் அத்தனையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மேசைக்கரண்டி. ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி. 4 நாள் விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு, ஓடும் திசையிலேயே மெதுவாக. அசையவில்லையா, இன்னும் 4 நாள். பலத்தைக் கூட்டினால் பிஸ்டன் வளையம் உடையும்.

அசைந்துவிட்டால்கூட ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். காடிலாக் என்றால் வால்வு மூடியைக் கழற்றி, கையால் இரண்டு முழுச் சுற்று. வால்வை அழுத்தும் ராக்கர் எல்லாம் ஏறி இறங்குகிறதா பாருங்கள். ஒட்டிக்கொண்ட ஒரு வால்வு போதும், ஸ்டார்ட்டர் சுழன்றால் ராக்கரைத் தள்ளும் தண்டு (புஷ்ராட்) வளைந்துவிடும். பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றி, பிளக் இல்லாமலே சுழற்றி ஆயில் அழுத்தம் வந்த பிறகுதான் பற்றவைப்பது. பெட்ரோல் வண்டி டாங்கிலிருந்து வேண்டாம், அது பெயின்ட் வாசனை அடிக்கும் கோந்தாக மாறியிருக்கும். தனி டப்பாவிலிருந்து பம்புக்குக் குழாய் போடுங்கள்.

எஞ்சின் ஓடிய சந்தோஷத்தில் நகர்த்திவிடாதீர்கள். காடிலாக்கில் 1962-க்கு முந்தியதெல்லாம் ஒற்றைச் சுற்று பிரேக். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. டிரம் பிடித்திருந்தால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, விளிம்பில் தட்டித் தட்டி விடுவியுங்கள். வின்ச் போட்டு இழுத்தால் முதலில் கொட்டகையின் பலகைத் தரைதான் பெயரும். டயரின் பக்கத்தில் பொறித்த டாட் (DOT) எண்ணின் கடைசித் தொகுதி மூன்று இலக்கமாக இருந்தால் அது 2000-க்கு முந்தையது. காற்று பிடித்தாலும் டிரெய்லர் ஏற்றுவதோடு சரி.

ஹென்னி_8

வயர் புதுசாக இழுத்தாகிவிட்டது. சைரனை மட்டும் இன்னும் இணைக்கவில்லை.

ஆரஞ்சுச்சிலுவை

உங்களுடையது 6 வோல்ட், அதற்கான சைரனா என்று தகட்டைப் பாருங்கள். 12 வோல்ட் ஃபெடரல் க்யூ வகை என்றால் 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஹாரன் வயரில் கொடுத்தால் மறுபடி புகைதான். பேட்டரியிலிருந்து தனித் தடிமன் கேபிள், நடுவில் சொலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). அதற்கு முன் ரோட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள், குளவிக்கூடு இருக்கும்.

பின்கதவு_64

64-ஐ வாங்கியவர் உருளையையெல்லாம் எடுத்துவிட்டு முழு ஆம்புலன்ஸாக மாற்றப்போகிறாராம். அப்படிச் செய்யவே கூடாது. முழு ஆம்புலன்ஸ் வேண்டுமானால் வேறு வண்டி கிடைக்கும். இரண்டு வேலைக்கும் கவிழ்க்கிற தகடு இதில்தான் இருக்கிறது. காணாமல் போன இரண்டுக்கும் மீதித் தகட்டை அச்சாக வைத்து வார்க்கலாம். அளவு எடுத்து வைத்திருக்கிறேன், அதே வருஷ சுப்பீரியர் வைத்திருப்பவர் உருளையின் விட்டத்தை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள்.