எஸ்எஸ்டி மாற்றிய பின் பழைய லேப்டாப் இடையிடையே உறைந்து நிற்கிறது: உதவி தேவை

வெண்ணாரை (கேள்வி):

வணக்கம். என்னிடம் இருப்பது இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5 செயலியும் 8 ஜிபி ரேமும் கொண்ட, 2012-ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு லேப்டாப். அதில் இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே கொள்ளளவுள்ள 2.5 அங்குல சாட்டா (டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் முறை) எஸ்எஸ்டியைப் பொருத்தியிருக்கிறேன். விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவவில்லை. எஸ்எஸ்டியை யூஎஸ்பி அடாப்டர் வழியாக இணைத்து, குளோன்ஜில்லா மூலம் பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தேன். நகலெடுக்கும்போது பிழை எதுவும் வரவில்லை. எஸ்எஸ்டியை உள்ளே பொருத்தியதும் கணினி முதல் முறையிலேயே பூட் ஆனது; முன்பு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது இப்போது அரை நிமிடத்துக்குள் திரைக்கு வந்துவிடுகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி திடீரென்று உறைந்துவிடுகிறது. மவுஸ் குறி நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் அசைவில்லை. டிஸ்க் விளக்கு மினுக்காமல் தொடர்ந்து எரிகிறது. டாஸ்க் மேனேஜரை முன்கூட்டியே திறந்து வைத்துக் கவனித்ததில், அந்த நேரத்தில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்தில் நிற்க, படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யமாக இருக்கின்றன. அரை நிமிடம் போல அப்படியே நின்றுவிட்டுத் தானாகச் சரியாகிறது. அதுவரை சொடுக்கியவை எல்லாம் வரிசையாகத் திறக்கின்றன. பெரிய கோப்புகளை நகர்த்தும்போது இது அடிக்கடி வருகிறது.

டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரல் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் 100 சதவீதம் என்றே காட்டுகிறது. டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குவதா, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதா என்று தெரியவில்லை. எதை முதலில் செய்ய வேண்டும் என்று யாராவது வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

இரவுக்குருவி:

ஹார்ட் டிஸ்க்கில் நிறுவிய விண்டோஸை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தால் இப்படித்தான் ஆகும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். நிறுவியதும், ரேம் போதாதபோது டிஸ்க்கில் எழுதப்படும் பேஜ் ஃபைலையும், நிரல்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றும் சூப்பர்ஃபெட்சையும் நிறுத்திவிட்டால் எஸ்எஸ்டியின் ஆயுளும் கூடும்.

திருப்புளி:

மேலே சொன்னதை உடனே செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நகலெடுத்த விண்டோஸில் சில்லறைத் தொல்லைகள் வருவதுண்டு; விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷனாக இருந்தால் அதன் தொடக்கம் 63-ஆவது செக்டாரில் விழுந்து வேகம் குறையும், பயாஸில் பழைய ஐடிஇ முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் என்சிக்யூ (பல கட்டளைகளை வரிசையில் வைத்துக் கையாளும் வசதி) கிடைக்காது. ஆனால் இவை கணினியை நிரந்தரமாக மெதுவாக்குமே தவிர, வேகமாக ஓடிக்கொண்டிருப்பதை அரை நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடியும் ஓடவிடுவதில்லை. பேஜ் ஃபைலை நிறுத்துவது 8 ஜிபி கணினியில் புதிய தொல்லையை வாங்கிக்கொள்வதாகும். இன்றைய எஸ்எஸ்டியின் எழுதும் ஆயுளோடு ஒப்பிட்டால் அதனால் மிச்சமாவது கணக்கில் எடுத்துக்கொள்ளத் தக்கதன்று.

பயன்பாடு 100, வேகம் பூஜ்யம் என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான் இங்கே முக்கியமான தடயம். விண்டோஸ் டிரைவிடம் ஒரு வேலையைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராததால், குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் அந்த இணைப்பை ரீசெட் செய்து மறுபடி கேட்கிறது. பதில் வராமல் போவதற்கு டிரைவும் காரணமாகலாம், டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் உள்ள பாதையும் காரணமாகலாம். எது என்று பணம் செலவழிக்காமலே பிரித்துப் பார்க்க முடியும். மூன்று விவரங்கள் வேண்டும்.

முதலாவதாக, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதியைத் திறந்து, உறைந்த நேரத்தில் 129 என்ற எண்ணுடன் எச்சரிக்கை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மேல்பகுதியில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் இரண்டு மதிப்புகள் இருக்கும். இடப்பக்கம் இருப்பது இப்போது இணைந்திருக்கும் வேகம், வலப்பக்கம் இருப்பது டிரைவால் முடிந்த அதிகபட்ச வேகம். இரண்டையும் எழுதுங்கள். மூன்றாவதாக, அதே நிரலின் பட்டியலில் சி7 என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலான டிரைவ்களில் அது சிஆர்சி பிழைகளின், அதாவது வழியில் சிதைந்த தரவுக் கட்டுகளின், எண்ணிக்கை. இந்த நிரல் மூல மதிப்புகளைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் என்பதால், அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள். இல்லையென்றால் 1எஃப்4 என்று இருப்பதைப் பிழைக் குறியீடு என்று நினைத்துக்கொள்வீர்கள், உண்மையில் அது 500.

பழைய ஹார்ட் டிஸ்க்கையும் யூஎஸ்பி அடாப்டரில் இணைத்து அதன் சி7 வரியையும் பார்த்துவிடுங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெண்ணாரை:

விரிவான பதிலுக்கு நன்றி. பார்த்துவிட்டேன். ஈவென்ட் வியூவரில் 129 எச்சரிக்கை ஒன்றல்ல, பக்கம் பக்கமாக இருக்கிறது. உறைந்த நேரங்களோடு அவை பொருந்துகின்றன. டிரான்ஸ்ஃபர் மோட் ஒருமுறை தொடங்கும்போது சாட்டா/600 | சாட்டா/600 என்றும், மறுமுறை சாட்டா/300 | சாட்டா/600 என்றும் வருகிறது. எஸ்எஸ்டியின் சி7 மதிப்பு 412 இருந்தது. ஒரு பெரிய காணொளிக் கோப்பைப் பிரதி எடுத்த பிறகு பார்த்தால் 431. பழைய ஹார்ட் டிஸ்க்கின் சி7 மதிப்பு 38; அதன் டிரான்ஸ்ஃபர் மோடில் வலப்பக்கம் இருப்பது சாட்டா/300. அதன் 05, சி5 (டிஸ்க்கில் பழுதான இடங்களைக் காட்டும் வரிகள்) இரண்டும் பூஜ்யம்.

திருப்புளி:

நான் எதிர்பார்த்ததும் இதுதான். எஸ்எஸ்டியை இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

டிரைவும் கணினியும் தரவை அனுப்பும்போது ஒவ்வொரு கட்டோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அனுப்புகின்றன. பெறும் பக்கத்தில் அந்த எண் பொருந்தாவிட்டால் அந்தக் கட்டு கேபிளில் வரும்போதே சிதைந்துவிட்டது என்று பொருள். அதைத்தான் சி7 எண்ணிக்கொண்டே போகிறது. அந்த எண் ஒருபோதும் குறையாது, பழுதை நீக்கிய பிறகும் அப்படியே நிற்கும். ஆகவே 412 என்பதைவிட அது 431 ஆனதுதான் உங்கள் வழக்கின் சாட்சி. சிப்பில் சேமித்த தரவு பழுதாவது இதில் சேராது. அதற்கு வேறு வரிகள் இருக்கின்றன.

ஆரோக்கியம் 100 சதவீதம் என்று வந்ததைக் கண்டு குழம்ப வேண்டாம். அந்தச் சதவீதம் பெரும்பாலும் சிப்களின் தேய்மானத்தைச் சொல்கிறது. டிரைவ் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் நீள்சோதனையை ஓடவிட்டாலும் அது டிரைவுக்கு உள்ளேயே நடந்து முடிந்துவிடும். தரவு கேபிளில் ஏறி இறங்குவதில்லை. கேபிள் அறுந்து தொங்கும் நிலையில் இருந்தாலும் அந்தச் சோதனையில் டிரைவ் தேறிவிடும்.

பழைய டிஸ்க்கின் எண்ணை ஏன் கேட்டேன் என்றால், ஒவ்வொரு டிரைவும் தன் பிழைக் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. இரண்டு வெவ்வேறு டிரைவ்கள் ஒரே கேபிளில் இருந்தபோது இரண்டிலும் சிஆர்சி பிழை பதிவாகியிருக்கிறது; இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கேபிளும் அது சேரும் போர்ட்டும்தான். பழைய டிஸ்க்கின் உச்சவரம்பு வினாடிக்கு 3 கிகாபிட் (சாட்டா/300) என்பதால் நலிந்த கேபிளிலும் அது ஒருவாறு ஒப்பேற்றிவிட்டது. புதிய எஸ்எஸ்டி அதே கேபிளில் 6 கிகாபிட்டுக்குக் (சாட்டா/600) கைகுலுக்கப் பார்க்கிறது. அந்த வேகத்தில் கேபிளில் உள்ள சிறு மடிப்பும் பொறுக்கப்படுவதில்லை.

உங்கள் லேப்டாப்பில் டிரைவ் மதர்போர்டில் நேரடியாகச் செருகப்படுகிறதா, தட்டையான ஃபிளெக்ஸ் கேபிள் ஒன்று இடையில் இருக்கிறதா? எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமனும் பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டரும் இருக்கக்கூடும்; இடைவெளியை நிரப்பும் சட்டத்தை ஒட்டினீர்களா?

அலைவரிசை:

திருப்புளி சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் 129 எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை விலக்காமல் கேபிள் வாங்குவது அவசரமாகிவிடும். மின்சாரத்தைச் சேமிக்க விண்டோஸ் சாட்டா இணைப்பை அவ்வப்போது உறங்க வைக்கிறது. சில எஸ்எஸ்டிகள் அந்த உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. அப்போதும் இதே அரை நிமிட உறைவும் இதே எச்சரிக்கையும் வரும். பவர் திட்டத்தை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிவிட்டு ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். உறைவு நின்றுவிட்டால் குற்றவாளி உறக்கம்தான். எஸ்எஸ்டி தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் நிரல்) புதுப்பிப்பு தந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஆனால் உறக்கச் சிக்கலில் சி7 இப்படி ஏறுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விண்டோஸையே வழக்கிலிருந்து விடுவிக்க ஒரு வழி உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை யூஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்யுங்கள். அதில் உள்ள டிஸ்க்ஸ் நிரலில் எஸ்எஸ்டிக்கு வேகச் சோதனை ஓடவிடுங்கள்; எழுதும் சோதனைக்கான குறியை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். முடிந்ததும் கர்னல் பதிவை (லினக்ஸ் தன் நிகழ்வுகளை எழுதி வைக்கும் குறிப்பு) பாருங்கள். இணைப்பில் பிழை குவிந்தால் லினக்ஸ் தானாகவே வேகத்தைக் குறைத்து, ‘லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட் டு 3.0’ என்று எழுதி வைக்கும். அந்த வரியைக் கண்டால் மேலும் வாதிக்க எதுவுமில்லை.

வெண்ணாரை:

இருவருக்கும் நன்றி. ஹை பெர்ஃபார்மன்ஸ் திட்டத்திலும் உறைவு தொடர்ந்தது. லினக்ஸில் நீங்கள் சொன்ன அதே வரி வந்தது. அதற்கு முன் வரிசையாகப் பிழைகள், அதற்குப் பின் ஒன்றுகூட இல்லை. வேக வரைபடமும் தொடக்கத்தில் பள்ளம் பள்ளமாக இருந்து, பிறகு 270 எம்பி அளவில் நேர்கோடாக ஓடியது.

பின்மூடியைத் திறந்து பார்த்தேன். டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் விரல் நீளத்தில் ஃபிளெக்ஸ் கேபிள் இருக்கிறது. திருகு உட்காரும் குமிழ் ஒன்றின் மேல் அது செங்குத்தாக மடங்கிப் போகிறது. அந்த மடிப்பில் கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. சட்டத்தை ஒட்டியிருக்கிறேன், டிரைவ் ஆடவில்லை. புதுக் கேபிள் கிடைக்கும்வரை கணினியைப் பயன்படுத்தலாமா? இதனால் என் கோப்புகள் கெட்டிருக்குமா?

திருப்புளி:

சிஆர்சி பிழையில் சிதைந்த கட்டு ஏற்றுக்கொள்ளப்படாமல் மறுபடி கேட்டு வாங்கப்படுவதால், கோப்புகள் சத்தமில்லாமல் கெடும் வாய்ப்பு மிகக் குறைவு. எழுதிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் நடப்பதுதான் ஆபத்து. கோப்பு முறைமையில் ஓட்டை விழலாம். கேபிளை மாற்றியதும், கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கருவியை ஒருமுறை ஓடவிடுங்கள், மாற்றும்வரை பழைய ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். நகலெடுத்த நாள்வரையிலான உங்கள் காப்பு அதுதான்.

இடைக்காலத்துக்கு டிவிடி டிரைவின் இடத்தைப் பயன்படுத்தலாம். அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செருகும் கேடி (caddy) என்ற தாங்கியில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால் ஃபிளெக்ஸ் கேபிளின் பாதையே தவிர்க்கப்படும். கேடிகள் 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன்களில் வருகின்றன, உங்கள் டிவிடி டிரைவை அளந்துவிட்டு வாங்குங்கள். அந்தத் தலைமுறை இன்டெல் சிப்செட்டில் இரண்டு போர்ட்களுக்கு மட்டுமே 6 கிகாபிட் உண்டு. டிவிடி போர்ட் பெரும்பாலும் 3 கிகாபிட்டாகத்தான் இருக்கும். அதை இழப்பாகக் கருத வேண்டியதில்லை. விண்டோஸ் தொடங்குவதும் நிரல்கள் திறப்பதும் சிறுசிறு துண்டுகளாகப் படிக்கும் வேலை. அந்த வேலையில் 5400 சுற்று ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு ஒரு எம்பியைக்கூட எட்டாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 20 முதல் 40 எம்பி வரை தரும். இரண்டுமே 3 கிகாபிட்டின் வரம்பை நெருங்குவதில்லை.

கேபிள் வாங்கும்போது லேப்டாப் மாடலின் பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று மதர்போர்டுகள் வந்திருக்கும், கேபிளின் நீளமும் முனையும் மாறும். கேபிளின் மேலேயே சிறிய எழுத்தில் பாகத்தின் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்கே கேளுங்கள். மாற்றும்போது முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டு முனையில் தூக்கித் திறக்கும் பூட்டு இருந்தால் அதை நகத்தால் நிமிர்த்திய பிறகே கேபிளை இழுக்க வேண்டும். புதிய கேபிளை அந்தக் குமிழின் மேல் செலுத்தாமல் அதன் பக்கவாட்டில் வளைத்து, மடிப்பு விழாதபடி படுக்க வையுங்கள்.

வெண்ணாரை:

புதுக் கேபிள் போட்டாகிவிட்டது. டிரான்ஸ்ஃபர் மோட் ஒவ்வொரு முறையும் சாட்டா/600 என்றே வருகிறது. பெரிய கோப்புகளை எவ்வளவு நகர்த்தினாலும் சி7 அசையவில்லை, 129 எச்சரிக்கையும் புதிதாக வரவில்லை. செக்டிஸ்க் பிழை எதுவும் காட்டவில்லை. கடைசியாக ஒரு கேள்வி: குளோன் செய்த விண்டோஸ் இதை எஸ்எஸ்டி என்று அடையாளம் கண்டிருக்கிறதா என்று எப்படி அறிவது? பழைய டிஸ்க்கை இனி அழித்துப் பயன்படுத்தலாமா?

அலைவரிசை:

டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற கருவியைத் திறந்தால் மீடியா வகையில் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் விண்டோஸ் அதற்கு வழக்கமான டிஃப்ராக் செய்யாமல் டிரிம் (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை) அனுப்பும். ஹார்ட் டிஸ்க் டிரைவ் என்று இருந்தால் கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து வின்சாட் டிஸ்க் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள், பெரும்பாலும் அதிலேயே திருந்திவிடும்.

பழைய டிஸ்க்கை அழிப்பதற்கு முன் உங்கள் கோப்புகளுக்கு வேறு இடத்தில் ஒரு காப்பு எடுத்துவிடுங்கள். அதன் 05, சி5 பூஜ்யமாக இருப்பதால் யூஎஸ்பி பெட்டியில் போட்டுக் காப்பு டிஸ்க்காகவே தொடரலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன, உங்கள் செயலி விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. சோதனைக்கு ஏற்றிய அந்த லினக்ஸ் யூஎஸ்பியை அழிக்காமல் வைத்திருங்கள். எஸ்எஸ்டியில் இடம் ஒதுக்கி அதையே நிறுவ நேரிடலாம்.