சிறுவர் நூலகத்தில் திருநர் படக்கதைகள்: வைப்பதா, எடுப்பதா?

கேள்வி: ஒயிட்ஃபீல்டு வாசகி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பகுதியில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில், சிறுவர்களுக்காக ஒரு சிறு நூலகத்தைக் குடியிருப்போரே நடத்தி வருகிறோம். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலப் புத்தகங்கள் இருக்கின்றன; ஞாயிறு மாலைகளில் கதை வாசிப்பும் உண்டு. பராமரிப்புக் கட்டணத்திலிருந்து ஒதுக்கிய பணத்தில் அண்மையில் வாங்கிய இரண்டு படக்கதைகள் பெற்றோரை இரண்டு கட்சியாக்கிவிட்டன.

முதலாவது தமிழிலேயே எழுதப்பட்டது. ஊரைவிட்டுப் போன சித்தப்பா பல ஆண்டுகள் கழித்துப் புடவையுடுத்தி அத்தையாகத் திரும்பி வருகிறார். பாட்டி அவர் முகத்தைப் பார்க்காமலேயே காப்பி டம்ளரைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்; பேத்திதான் அதை எடுத்து அத்தையின் கையில் கொடுக்கிறாள். அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுத்தும் இல்லை. இரண்டாவது, அமெரிக்கப் புத்தகம் ஒன்றின் மொழிபெயர்ப்பு. ஆறு வயதுப் பையன் தான் ஒரு பெண் என்று சொல்கிறான். பெற்றோர் அன்றிரவே வேறு பெயர் வைக்கிறார்கள். மறுநாள் பள்ளியிலும் எல்லோரும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், “உனக்குள் இருப்பது யார்? வரைந்து காட்டு” என்று ஒரு பயிற்சி.

கதை வாசிக்க வரும் கல்லூரி மாணவி, நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது புத்தகத்தை வாசித்து, அந்தப் பயிற்சியையும் செய்யச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் தாளை வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே வாட்ஸாப் குழு கொதிக்கத் தொடங்கியது. இரண்டு புத்தகங்களையும் உடனே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். எடுத்தால் நூலகத்துக்கு இனிப் பணம் தரமாட்டோம் என்கிறார்கள் மறு சாரார். நூலகக் குழுவில் இருப்பதால் புதன்கிழமைக்குள் நான் எழுத்தில் கருத்துத் தர வேண்டும். உங்கள் அனுபவத்தையும் எண்ணத்தையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: பெல்லந்தூர் அப்பா

உங்கள் குடியிருப்பில் இருந்திருந்தால் நானும் எதிர்த்திருப்பேன். ஆனால் எதை எதிர்த்திருப்பேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்களைப் போன்றவர்களை ஒரே வார்த்தையில் பழமைவாதி என்று தள்ளிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சில்க் போர்டு சிக்னலில் காரின் கண்ணாடியைத் தட்டிய திருநங்கையைப் பார்த்து என் மகன் கேட்ட கேள்விக்கு நான் ஒளிக்காமல் பதில் சொன்னவன்தான். அத்தை கதை என் வீட்டு அலமாரியில் இருந்தாலும் எனக்கு மறுப்பில்லை.

இரண்டாவது புத்தகத்தில் எனக்குள்ள சிக்கல் வயதைப் பற்றியது. மூன்று வயதுக் குழந்தை தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லத் தெரிந்துகொள்கிறது. ஆனால் முடியை வெட்டினாலும் சட்டையை மாற்றினாலும் அது மாறிவிடாது என்பது அதற்கு உறுதிப்படுவது ஏறத்தாழ ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் என்றுதான் குழந்தை உளவியலில் சொல்கிறார்கள். அந்த வயதில் இருக்கும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, உனக்குள் இருப்பது யார் என்று கேட்டால், ஒருத்தி மயில் வரைவாள், ஒருவன் ஸ்பைடர்மேன் வரைவான், இன்னொருவன் பக்கத்துப் பிள்ளை வரைந்ததைப் பார்த்து வரைவான். உலகச் சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலே, 2022-இல் நடைமுறைக்கு வந்த அதன் 11-ஆவது பதிப்பில், பிறந்தபோது குறித்த பாலினத்துக்கு மாறாகத் தன்னை உணர்வதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. அதே பதிப்புதான், உடையையும் விளையாட்டையும் மட்டும் வைத்து ஒரு குழந்தையைப் பற்றி முடிவுக்கு வரக்கூடாது என்றும் சொல்கிறது. பிள்ளைகளுக்கான பாலின அடையாள மருத்துவச் சேவைகளை ஆராய்ந்து இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் வெளியான காஸ் அறிக்கை, பருவமடையாத பிள்ளைகளுக்குப் பெயரையும் அடையாளத்தையும் மாற்றுவதில் நிதானம் வேண்டும் என்கிறது. மருத்துவர்கள் இவ்வளவு தயங்கும் இடத்தில், அந்தக் கதையில் வரும் பெற்றோர் ஒரே இரவில் முடிவெடுத்துவிடுகிறார்கள். எங்களிடம் முன்கூட்டி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் பிள்ளையை அன்று பூங்காவுக்கு அழைத்துப் போயிருப்பேன், இவ்வளவு ரகளையும் வந்திருக்காது.

பதில்: மேரிலாந்திலிருந்து திரும்பியவள்

நீங்கள் எழுதியதைப் படித்தபோது அமெரிக்காவில் நாங்கள் முன்பு குடியிருந்த மாண்ட்கோமரி கவுண்டியின் வழக்குதான் நினைவுக்கு வந்தது. அங்கே பள்ளி நிர்வாகம் 2022-இல் தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்கென்று இத்தகைய சில படக்கதைகளைச் சேர்த்தது. தொடக்கத்தில், விரும்பாத பெற்றோருக்கு முன்னரே தகவல் தந்து, பிள்ளையை அந்த நேரத்தில் வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ள அனுமதித்தார்கள். பிறகு, விலகக் கேட்பவர்கள் பெருகிவிட்டதால் சமாளிக்க முடியவில்லை என்று சொல்லி, 2023 மார்ச்சில் அந்த அனுமதியை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகுதான் இஸ்லாமியர், கத்தோலிக்கர், உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் சபையினர் எனப் பல சமயத்துப் பெற்றோரும் ஒன்றாகச் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், வழக்கு நடக்கும் காலத்தில் அந்தப் பெற்றோருக்கு முன்தகவலும் விலக்கும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவில்லை. இங்கே வாட்ஸாப்பில் சுற்றும் செய்திகளில் அந்தப் பகுதி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

அது சமயச் சுதந்திரத்தை வைத்து அரசுப் பள்ளிக்கு எதிராக நடந்த வழக்கு. உங்களுடையதோ யாரும் கட்டாயமாக வரவேண்டியிராத கிளப் ஹவுஸ் நூலகம். ஆகவே அந்தத் தீர்ப்பைக் காட்டி யாரும் உங்களை மிரட்ட வேண்டியதில்லை. நான் இரண்டு புத்தகங்களும் இருக்க வேண்டும் என்ற கட்சி. ஆனாலும் பெல்லந்தூர் நண்பர் கேட்கும் முன்தகவலைத் தந்துவிடுங்கள். ஞாயிறு வாசிக்கப்போகும் புத்தகத்தின் பெயரையும் அட்டைப்படத்தையும் வெள்ளிக்கிழமை குழுவில் போடுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

பதில்: அல்சூர் தமிழாசிரியர் (ஓய்வு)

இது மேல்நாட்டு இறக்குமதி என்று உங்கள் குழுவில் யாராவது எழுதியிருந்தால், கரகத் திருவிழா நடக்கும் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் அவரைத் திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். திகளர் சமூகத்து ஆண் ஒருவர் புடவையும் வளையலும் மல்லிகையும் அணிந்து, திரௌபதியின் வடிவாகக் கரகம் சுமந்து வருவதை, தோளில் குழந்தையை ஏற்றிக்கொண்டு இந்த நகரமே நின்று வணங்குகிறது. ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்றுதான் போகிறது. கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலும் நாம் அறிந்ததே.

ஆயினும் இந்தச் சான்றை என் கட்சிக்காரர்கள் மிக எளிதாக எடுத்து வீசுவதும் எனக்கு உடன்பாடில்லை. கரகம் சுமப்பவர் விரதம் முடிந்ததும் வேட்டி கட்டிக்கொண்டு தம் தொழிலுக்குத் திரும்பிவிடுகிறார். அவரைப் பார்த்துக் கும்பிடும் அதே கை, வீடு கேட்டு வரும் திருநங்கைக்குக் கதவைச் சாத்துகிறது. கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்கிறவர்களுக்கு மறுநாள் ஊர் திரும்பியதும் என்ன மரியாதை கிடைக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். நூற்றாண்டுகளாகத் திருவிழா நடந்தும் நிலைமை இதுதான். டம்ளரை எடுத்துக் கையில் கொடுக்கும் அந்தப் பேத்தியைப் போன்ற ஒரு காட்சியைக் கோயில் எதுவும் நம் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ என்ற பிரிவில் பதிவானவர்கள் 4,87,803 பேர். உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று அவர்களுடைய உரிமைகளை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிலையங்களில் பாகுபாடு கூடாது என்றது. அப்படியிருந்தும், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக, பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டி 2021-இல் வெளியிட்ட கையேடு, தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் மறுப்புத் தெரிவித்ததும் இணையதளத்திலிருந்து காணாமல் போனது. ஆசிரியருக்கான கையேட்டுக்கே இந்தக் கதி. அந்தக் கல்லூரி மாணவியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பதில்: ஒரு திருநங்கையின் அம்மா

என் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். பிறந்தபோது மகன் என்று நினைத்துப் பெயர் வைத்தோம். எங்கள் வீட்டில் இப்படி ஒரு புத்தகமும் இருந்ததில்லை; அம்புலிமாமா இருந்தது, கிரிக்கெட் மட்டை இருந்தது, ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் இருந்தது. தன்னைப் போன்ற ஒருவரை அவள் முதன்முதலில் பார்த்தது அந்தப் படங்களின் நகைச்சுவைக் காட்சியில்தான். கைதட்டி, இடுப்பை ஒடித்து வரும் அந்தப் பாத்திரத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். பிள்ளையின் மனத்தில் புத்தகம் எதையோ புகுத்திவிடும் என்று அஞ்சுகிறவர்கள், அந்தக் காட்சிகள் என்ன புகுத்தின என்று ஒருநாளும் அஞ்சியதில்லை. பருவமடையாத பிள்ளைக்கு இதற்காக எந்த மருத்துவரும் மருந்தோ ஊசியோ தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தில்தான் பலர் படக்கதையைப் பார்த்தாலே பதறுகிறார்கள்.

பெல்லந்தூர் அப்பாவுடன் ஓரிடத்தில் உடன்படுகிறேன். என் காரணம் வேறு. அந்தப் பயிற்சியை என் மகளின் ஏழு வயதில் பத்துப் பிள்ளைகள் நடுவே கொடுத்திருந்தால், அவள் நடுங்கிப்போய் மீசை வைத்த ஒரு போலீஸ்காரரை வரைந்து கொடுத்திருப்பாள். தனக்குள்ளேயே பேரில்லாமல் இருக்கும் ஒன்றைத் தாளில் வரைந்து எல்லோருக்கும் காட்டு என்று கேட்பது, மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டு; அவளைப் போன்றவர்களுக்குக் கொடுமை. புத்தகம் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம்.

பதில்: பெல்லந்தூர் அப்பா

அம்மா, அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை, நன்றி. அத்தை கதையைப் பற்றி நமக்குள் சண்டையே இல்லை. இரண்டாவது புத்தகத்தைப் பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கான அலமாரிக்கு மாற்றிவிட்டால் என் தரப்பில் பலர் அமைதியாகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

பதில்: ஒரு திருநங்கையின் அம்மா

பத்து வயதுப் பிள்ளை பெரிய எழுத்தில் அச்சிட்ட படக்கதையைத் தொடுவானா, ஐயா? அது எடுத்துவிடுவதற்குச் சமம். எடுத்தோம் என்று சொல்லாமல் எடுப்பது மட்டுமே வித்தியாசம். ஐந்து வயதில் அதை நீங்களே உங்கள் மடியில் வைத்து வாசித்து, அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று உங்கள் மகனிடம் சொல்லலாமே.

ஒயிட்ஃபீல்டு வாசகி

அனைவருக்கும் நன்றி. அத்தை கதை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், வரும் மாதத்தில் ஒரு ஞாயிறு முன்தகவலோடு வாசிக்கலாம் என்று எழுதப்போகிறேன். மற்றதைப் பெற்றோர் கையெழுத்திட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அலமாரியில் வைக்கலாம். மகாபாரதப் போர்க்காட்சிப் புத்தகங்கள் சிலவும், மரணத்தைப் பற்றிய ஒரு படக்கதையும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன, ஆகவே இதற்கென்று தனியாக ஒரு மூலையை உருவாக்கியதாக ஆகாது. வாசிக்க வந்த மாணவியைக் குழுவில் சிலர் கடுமையாகப் பேசிவிட்டார்கள். இந்த ஞாயிறு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் பேச நானே நேரில் போகிறேன். அல்சூர் ஐயாவுக்கு நேரம் இருந்தால், இந்த ஒரு வாரம் எங்கள் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க வர இயலுமா?